பெண்ணாகி, ஆணாய், அலியாய்: இடைப்பாலினப் பிள்ளையை எழுத நினைக்கும் தங்கைக்கு

காரைக்குடியில் முதுகலைத் தமிழ் படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள். செட்டிநாட்டு வீடு ஒன்றில் ஆண் என்றும் பெண் என்றும் உடனே சொல்லமுடியாத உடம்போடு பிறக்கும் ஒரு பிள்ளையை வைத்துக் குறுநாவல் எழுதப் போகிறாளாம். அவளுடைய அப்பத்தா, "அது முன்வினை, அதையெல்லாம் எழுதப்படாது" என்று சொல்லிவிட்டாராம். உண்மையில் சமயங்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, இதுவரை கதைகள் இவர்களை எப்படிக் காட்டியிருக்கின்றன, எழுதினால் சாமிக் குற்றமா என்பது கேள்வி.

தங்கச்சி, அப்பத்தா சொன்னதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளவேண்டாம். அதற்கு ஏடு இருக்கிறது. நாலடியார் 85-ஆம் பாட்டு, பிறர்மனை நயவாமை அதிகாரம்: "உம்மை வலியால் பிறர்மனைமேல் சென்றாரே இம்மை அலியாகி ஆடிஉண் பார்." முற்பிறப்பில் பிறன் மனைவியிடம் போனவர்கள்தாம் இப்பிறப்பில் அலியாகப் பிறந்து ஆடிப் பிழைக்கிறார்கள் என்று சமண முனிவர் பாடுகிறார். ஒழுக்கம் கெட்டவனை அச்சுறுத்தத்தான் அந்தப் பாட்டு வந்தது. ஆனால் அச்சுறுத்துவதற்கு ஒருவர் பிறக்கும்போதே கொண்டுவந்த உடம்பை எடுத்துக் காட்டிவிட்டது. பிறன்மனை பற்றிய பேச்சு மறந்துபோனது. உடம்பின் மேல் விழுந்த பழி மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

அதே தமிழில் திருமூலர் இருக்கிறார். கரு உண்டாகும் விதத்தைப் பாடும்போது, "ஆண்மிகில் ஆணாகும் பெண்மிகில் பெண்ணாகும், பூண்இரண்டு ஒத்துப் பொருந்தில் அலியாகும்" என்கிறார். இன்றைய மருத்துவப்படி இந்த விளக்கம் சரியில்லை, அது வேறு. கவனிக்கவேண்டியது, அங்கே பாவம் என்ற பேச்சே இல்லை என்பது. ஆண் உண்டாவது எப்படியோ, பெண் உண்டாவது எப்படியோ, அப்படியே மூன்றாவதும் உண்டாகிறது. அப்பத்தா சைவ வீட்டுக்காரர்தானே? சமண ஏட்டின் வரியைச் சொல்கிறவரிடம் திருமந்திரத்தின் வரியை மரியாதையாக எடுத்து வையுங்கள். மனு நூலும் 3-ஆம் அத்தியாயத்தில் கிட்டத்தட்டத் திருமூலர் சொன்னதையே சொல்கிறது. ஆனால் 9-ஆம் அத்தியாயத்துக்கு வந்ததும் இப்படிப்பட்டவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்றுவிடுகிறது. பிறப்பு இயற்கைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் பங்கு மறுக்கலாம் என்பதற்கு அந்த நூலே சாட்சி. உங்கள் குறுநாவலுக்கு இந்த இடம் முக்கியம், பிறகு வருகிறேன்.

உடம்பைப் பற்றி முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள். இடைப்பாலினத்தவரும் திருநங்கை, திருநம்பியரும் ஒன்றல்ல. திருநங்கை என்பது தன்னைத் தான் யார் என்று உணர்வதில் வருவது. இடைப்பால் என்பது குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு இவற்றில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. எதை எதைச் சேர்த்து எண்ணுவது என்பதைப் பொறுத்து, மக்கள்தொகையில் 0.05 முதல் 1.7 விழுக்காடு வரை என்று ஐ.நா. சொல்கிறது. பழைய கதைகளில் வருவதுபோல ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் முழுசாக ஒரே உடம்பில் இருப்பதில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள். உண்மையில் நடப்பது வேறு மாதிரி. ஒரு பிள்ளைக்கு அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும்; உள்ளே கருப்பை இருக்கும், வெளியே பார்த்தால் ஆண்பிள்ளை போலத் தெரியும். இதில் ஒரு வகையில் உடம்பில் உப்பு தங்காது. பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வாந்தியெடுத்து வாடிப்போகும், மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போய்விடும். இன்னொரு பிள்ளை எல்லா வகையிலும் பெண்ணாகவே வளரும். பதினாறு பதினேழு வயதாகியும் பெரியவளாகவில்லையே என்று தாய் டாக்டரிடம் கூட்டிப்போகும்போதுதான், குரோமோசோம் எக்ஸ் ஒய் என்றும் உடம்பு ஆண் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் தெரியவரும். மூன்றாவது வகை, பிறக்கும்போது பெண்ணாகத் தெரிந்து, பருவ வயதில் குரல் உடைந்து ஆணாக மாறுவது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற என்சைம் குறைவதால் வருவது. டொமினிக்கன் குடியரசின் ஓர் ஊரில் இப்படிப் பல பிள்ளைகள் இருந்ததை 1970-களில் மருத்துவர்கள் எழுதினார்கள்.

முதலாவதும் மூன்றாவதும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் வருபவை. இருவரும் நல்ல உடம்போடு இருப்பார்கள். பிள்ளையிடம் இரண்டும் கூடும்போது தெரியும். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிக்கொண்ட நம் பக்கத்தில் இது ஏன் கூடுதலாக வாய்க்கும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. முற்பிறப்பு வரை போகவேண்டாம், தங்கச்சி. சொத்து வெளியே போகக்கூடாது என்று இந்தப் பிறப்பில் முடித்த கல்யாணங்களிலேயே காரணம் இருக்கிறது.

இனி எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். என் ஐயாவோடு கூடப்பிறந்தவர். வீட்டில் எல்லாரும் அவரை 'முகப்புப் பெரியவுக' என்றுதான் சொல்வோம். பெண்பிள்ளை என்று நினைத்துத் திருவாதிரைப் புதுமை என்ற சடங்கைச் செய்திருக்கிறார்கள். நம்மில் பெண்பிள்ளைக்குத் திருவாதிரை, ஆண்பிள்ளைக்குச் சூப்பிடி என்று வேறு வேறு புதுமை என்பது உங்களுக்குத் தெரியும். பதினைந்து வயதில் குரல் உடைந்து மீசை அரும்பியதாம். தாவணியைக் கழற்றி வேட்டி கட்டிவிட்டார்கள். சூப்பிடிப் புதுமை செய்யவில்லை. தம்பிமார்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள், இவரை யாரும் அனுப்பவில்லை. கல்யாணம் ஆனால்தான் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. புள்ளியானால்தான் நகரக் கோயிலில் பெயர், வளவில் ஓர் அறை. இவருக்குக் கல்யாணமும் இல்லை, புள்ளியும் இல்லை, அறையும் இல்லை. முகப்பில் திண்ணை ஓரமாகத்தான் கடைசி வரை படுக்கை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அவர் தலை வைக்கும் இடத்தில் மட்டும் கல்லின் பூ தேய்ந்து வெளிறியிருக்கும். சின்ன வயதில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை, துணிக்குக் குறையில்லை. மனு நூலை எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை, ஆனால் 9-ஆம் அத்தியாயம் அப்படியே நடந்தது.

மார்கழியில் விடிகாலை திருவெம்பாவை அவர்தான் தொடங்குவார். 18-ஆம் பாட்டு வரும்: "பெண்ணாகி ஆணாய் அலியாய்ப் பிறங்கொளிசேர் விண்ணாகி மண்ணாகி இத்தனையும் வேறாகி..." மற்றப் பாட்டுகளை வாய்விட்டுப் பாடுகிற பெண்கள் அந்த வரியில் ஏனோ குரலைத் தாழ்த்துவார்கள். அவர் தாழ்த்தமாட்டார். அண்ணாமலையானைப் பாடும் அந்த வரியை அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்திப் பாடுவார். எனக்கு அப்போது எட்டு வயது, அர்த்தம் தெரியாது. கல்லூரியில் திருவாசகம் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு, ஒரு வகுப்பில் இந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே சைவத்தில் இடம் உண்டா என்றால், பாட்டில் உண்டு. திருவண்டப்பகுதியிலும் "பெண்ஆண் அலிஎனும் பெற்றியன் காண்க" என்கிறார் மாணிக்கவாசகர். நம்மாழ்வார் வேறு வழியில் போகிறார்: "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்." ஒருவர் மூன்றும் அவனே என்கிறார், மற்றவர் மூன்றிலும் அடங்கான் என்கிறார். இரண்டு பேரும் மூன்று என்றுதான் எண்ணுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூன்றாவதை விட்டுவிட்டு இறைவனை முழுதாகச் சொல்லமுடியாது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. (அலி என்ற சொல் அன்று வசையில்லை. இன்று தெருவில் வசையாகிவிட்டது. பாட்டை மேற்கோள் காட்டும் இடம் தவிர மற்ற இடங்களில் இடைப்பாலினத்தவர் என்றே எழுதுங்கள்.) ஆனால் அர்த்தநாரீசுவரரைக் காட்டி, பார், நம் மதம் எவ்வளவு தாராளம் என்று முடித்துவிடாதீர்கள். சாமியின் பாதி உடம்பைக் கும்பிட்ட கையோடு வீட்டுப் பிள்ளையை முகப்பில் படுக்கவைத்தவர்கள் நாம்.

மற்றச் சமயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளான விநயம், இருபால் குறியுடையவர்களுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, இப்படிப்பட்டவர் எந்தெந்த விதத்தில் ஆணைப் போல, எந்தெந்த விதத்தில் பெண்ணைப் போல என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்; அங்கே ரப்பி யோசே என்பவர், அவர் தனக்கே உரிய ஒரு படைப்பு என்கிறார். இஸ்லாமியச் சட்ட நூல்கள் 'குன்ஸா' என்று பெயரிட்டு, தொழுகையில் எந்த வரிசை, வாரிசுரிமையில் எவ்வளவு பங்கு என்றுவரை பேசியிருக்கின்றன. பங்கே இல்லை என்பதற்கும், பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம்! பைபிளின் உபாகமம் விதையடிக்கப்பட்டவர்களைச் சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56-ஆம் அதிகாரம் அண்ணகர்களுக்கு (ஆண்மையற்றவர்களுக்கு) குமாரர், குமாரத்திகளைவிட உத்தம கீர்த்தி கொடுப்பேன் என்கிறது. மத்தேயு 19-இல் ஏசு, "தாயின் வயிற்றிலிருந்து அண்ணகர்களாய்ப் பிறந்தவர்களும் உண்டு" என்று, பழி எதுவும் சேர்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். எந்தச் சமயமும் ஒரே குரலில் பேசவில்லை. சாமிக் குற்றமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். அவரவர் வீட்டில் எந்த வரியைச் சொல்லி வளர்த்தார்கள் என்பதுதான் வேறுபடுகிறது.

கதைகளுக்கு வருவோம். நம் பழைய கதைகளில் இந்தப் பிள்ளை பிறப்பதே இல்லை. மாறுகிறவர்கள்தாம் வருகிறார்கள். அர்ச்சுனன் ஊர்வசி சாபத்தால் பிருகன்னளையாகிறான். ஓர் ஆண்டு முடிந்ததும் வில்லெடுத்துவிடுகிறான். சிகண்டி யட்சனிடம் ஆண்மையைக் கடன் வாங்குகிறாள். இளன் வனத்துக்குள் போய் இளையாகிறான், மாதத்துக்கொரு முறை மாறுகிறான். சிலம்பில் மாதவி ஆடும் பதினோராடலில் பேடு ஒன்று; அது காமன் போட்ட வேடம். மணிமேகலையில் மலர்வனத்துக்குப் போகும் வழியில் கூட்டம் நின்று பார்ப்பதும் பேடிக் கோலத்தைத்தான். குறளில் 'பேடிகை வாள்' இரண்டு இடங்களில் வருகிறது. அங்கே பேடி ஆள் இல்லை, கோழைக்கு உவமை. சாபம், வரம், வேடம், உவமை, இந்த நான்குக்கும் வெளியே ஒரு தொட்டிலும் அதில் ஒரு பிள்ளையும் எனக்குக் கண்ணில் படவில்லை.

இன்றைய தமிழ்ப் புனைகதையில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' எழுதினார், கி. ராஜநாராயணன் 'கோமதி' எழுதினார். இரண்டும் மரியாதைக்குரியவை, ஆனால் அவை பேசுவது வேறு வாழ்க்கையை. வெளிநாட்டில் பரவலாகப் படிக்கப்பட்டது ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'மிடில்செக்ஸ்', 2002-இல் வந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. முன்பு நான் சொன்ன மூன்றாவது வகை உடம்புதான் அதன் நாயகனுக்கு. மரபணு மூன்று தலைமுறை கடந்து வருவதை அழகாகச் சொல்கிறது. எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. தாத்தாவும் பாட்டியும் கூடப்பிறந்தவர்கள் என்று வைத்து, அவர்கள் தப்பின் பலனாகப் பேரனின் உடம்பைக் காட்டும்போது, நாலடியார் வரி அமெரிக்க உடுப்பில் திரும்பி வந்துவிடுகிறது. இதைவிட எர்குலின் பார்பின் என்ற பிரெஞ்சுக்காரர் தானே எழுதி வைத்த நினைவுக்குறிப்பு என்னை உலுக்கியது. 1838-இல் பிறந்து பெண்ணாக வளர்ந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, 1860-இல் சட்டப்படி ஆண் என்று மாற்றப்பட்டு, 1868-இல் பாரிசில் தனியறையில் உயிரை மாய்த்துக்கொண்டவர். மாற்றப்படும் முன்பு அவருக்கு ஓர் இடம் இருந்தது, அன்பு வைத்தவர்கள் இருந்தார்கள். ஏட்டில் திருத்திய பிறகு எதுவும் இல்லை.

நம் மண்ணிலேயே பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி நாடே தொலைக்காட்சியில் பேசியது. அந்த வாரங்களில் நம் ஊர் டீக்கடைகளில் நடந்த பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவள் நான். கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதே டீக்கடை ஆவலோடுதான் இதை எழுதுகிறார்கள். கடைசி அத்தியாயம் வரை மறைத்து வைத்து, துணியை விலக்கி, 'இதோ உண்மை' என்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளையின் உடம்பு முதல் பக்கத்திலேயே தெரியட்டும். வாசகர் அதைத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டு ஆட்களோடு சேர்ந்து மேலே நடக்கட்டும்.

காலத்தை முடிவு செய்யுங்கள், அதைப் பொறுத்துக் கதை மாறும். 1989-க்கு முன் என்றால், தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடையாது. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், உடற்குறை எதையும் காரணம் காட்டி வாரிசு உரிமையை மறுக்கக்கூடாது என்றுவிட்டது. ஆனால் மகனா மகளா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மருத்துவச்சி ஆண் என்று சொன்னால் பங்காளி, பெண் என்று சொன்னால் சீரும் சாமானும். அவள் வாயைத் திறப்பதற்குள் எத்தனை கண்கள் அவள் முகத்தைப் பார்க்கும்! அந்த ஒரு நிமிடத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. இன்றைய கதை என்றால் மருத்துவமனையில், 'இப்போதே ஆபரேஷன் செய்து ஒன்றாக ஆக்கிவிடலாம்' என்ற பேச்சு வரும். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்றது அந்தத் தீர்ப்பு. அதிலேயே, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பால்மாற்று அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தடை ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இந்தியாவில் இப்படித் தடை போட்ட முதல் மாநிலம் நம்முடையது. பிள்ளை வளர்ந்து தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லட்டும் என்பது அதன் பொருள். உங்கள் கதையில் ஒரு தாய் அதுவரை காத்திருக்கலாம். பங்காளி வீடுகளுக்கு நடுவே பதினைந்து வருடம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் முதல் வரி எழுதும்போதே இடிக்கும்: வினைமுற்று. வந்தானா, வந்தாளா? தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் 4-ஆம் நூற்பாவில் ஆண்மை திரிந்தோரையும் தெய்வத்தையும் ஒரே இடத்தில் வைக்கிறார். இருவருக்கும் தனி ஈறு கிடையாது, உயர்திணை ஈற்றையே பெறுவார்கள் என்கிறார். பிறகு 12-இல், ஆண்பால் ஈறு ஆகாது என்று வரம்பு போடுகிறார். நன்னூலார் காலத்தில் அஃறிணை போலவும் வரலாம் என்று ஒரு கதவு திறந்துவிடுகிறது. அந்தக் கதவை நீங்கள் மூடியே வையுங்கள். 'அது' என்று ஓரிடத்தில்கூட வரவேண்டாம், அந்தப் பிள்ளையை வெறுக்கிற பாத்திரம் வாய் திறக்கும் இடம் தவிர.

உங்கள் வீட்டுப் பேச்சிலேயே வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் முகப்புப் பெரியவுகளை அவன் என்றோ அவள் என்றோ ஒருவரும் சொன்னதில்லை. "அவுக எந்திரிச்சிட்டாகளா?" "அவுகளுக்குக் காப்பி குடுத்தாச்சா?" இந்தப் பேச்சில் ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, மரியாதை மட்டும் தெரியும். கைக்குழந்தையை அவுக என்று சொல்லமுடியாதே என்பீர்கள். முடியும். நம் ஆச்சிமார் பேரப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது, "அவுகளுக்குத் தூக்கம் வருதாம்" என்று கொஞ்சுவதைக் கேட்டிருப்பீர்கள். அப்பத்தாவிடம் அத்தியாயத்தை அந்தத் தொட்டிலிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள், மார்கழிக்கு முன் வந்தால் நல்லது.